‘லாஸ்ட் மண்டே’ இருந்தா ‘ஹாஸ்’ நிக்காது

குழு: ஆச்சி வீடு, உவர்மலை

சின்னம்மா: அக்கா, இவள் ஓ எல் பரீட்சைக்குப் பழக எழுதின இங்கிலீஷ் கடிதத்தில டியூசன் சேர் சிவப்பில நாலு கோடு போட்டிருக்கிறார். ஏன் பிழை எண்டு எழுதேல்ல. நேரம் இருந்தா ஒருக்காப் பாருங்கோ.

தங்கச்சி: இதுதான் பெரியம்மா.
மை அங்கிள் ஹாஸ் கம் ஃப்ரம் பட்டிக்கலோ லாஸ்ட் மண்டே. ஹீ இஸ் ஸ்டேயிங் வித் அஸ் சின்ஸ் மண்டே. ஹீ இஸ் ஹாவிங் எ போட். வென் ஹீ வில் கோ பாக், வீ வில் கோ வித் ஹிம்.

பெரியம்மா: நாலு கோடும் சரிதான் பிள்ளை. நாலும் தமிழில இருந்து நேரா வந்த பிழை. தமிழில ‘போன திங்கள் வந்திருக்கிறார்’ எண்டு தாராளமாச் சொல்லலாம். இங்கிலீஷில முடிஞ்சுபோன நேரத்தை வசனத்துக்குள்ள சொல்லிட்டா ஹாவ், ஹாஸ் நிக்காது. லாஸ்ட் மண்டே, யெஸ்டர்டே, டூ டேய்ஸ் அகோ எல்லாம் முடிஞ்ச நேரம். அதால ‘மை அங்கிள் கேம்’.

மாமா: வருஷமும் அப்படித்தான். ‘பிஜன் ஐலண்ட் பிகேம் எ நாஷனல் பார்க் இன் 2003’. ‘ஹாஸ் பிகம்’ எண்டு எழுத ஆசையெண்டா 2003ஐ வெட்டிப்போட வேணும்.

தங்கச்சி: அப்ப திஸ் மோர்னிங் எண்டு வந்தா?

பெரியம்மா: அது நீ எத்தனை மணிக்குச் சொல்லுறாய் எண்டதைப் பொறுத்தது. காலமை பத்து மணிக்கு ‘ஐ ஹாவ் சீன் டூ டொல்பின்ஸ் திஸ் மோர்னிங்’ சரி, காலமை இன்னும் முடியேல்ல. பின்னேரம் ஆறு மணிக்கு எண்டா ‘ஐ சோ’. பத்து மணிக்கே ஆனாலும் ‘அட் செவன்’ எண்டு சேர்த்தா உடனே ‘ஐ சோ’தான்.

சின்னம்மா: ரெண்டாவது கோடு? அவர் இன்னும் இங்கதானே நிக்கிறார். ஏன் இஸ் ஸ்டேயிங் பிழை?

பெரியம்மா: இதிலதான் எங்கட ஆக்கள் கூட மாட்டுப்படுறது. தமிழில ‘திங்கள்ல இருந்து நிக்கிறார்’, நிகழ்காலம் போதும். இங்கிலீஷில, அப்ப தொடங்கி இப்பவும் நடக்குதெண்டா அந்த ரெண்டு முனையையும் வினை காட்ட வேணும்: ‘ஹீ ஹாஸ் பீன் ஸ்டேயிங் வித் அஸ் சின்ஸ் மண்டே’. சின்ஸ் தொடங்கின புள்ளிக்கு, ஃபோர் எவ்வளவு காலம் எண்டதுக்கு. சின்ஸ் மண்டே, ஃபோர் ஃபோர் டேய்ஸ் (நாலு நாளா). ‘சின்ஸ் ஃபோர் டேய்ஸ்’ எண்டு ஒருநாளும் எழுதாத.

மாமா: இன்னுமொண்டு. ‘ஹீ இஸ் ஸ்டேயிங் ஃபோர் ஃபோர் டேய்ஸ்’ எண்டா இலக்கணம் சரி, கருத்து வேற. மொத்தமா நாலு நாள் தங்கிற திட்டம் எண்டு அர்த்தம். ஹாஸ் பீன் போட்டாத்தான் நாலு நாளா நிக்கிறார் எண்டு வரும்.

பெரியம்மா: ஓம் தம்பி, அது முக்கியம். மூண்டாவது கெதியா முடியும். படகு அவரிட்டச் சொந்தமா இருக்கு, அது ஒரு செயல் இல்ல. நோ, அன்டர்ஸ்டான்ட், பிலோங், வான்ட், சொந்தம் எண்ட கருத்தில ஹாவ், இதுகளுக்கு ஐஎன்ஜி போடாத. ‘ஹீ ஹாஸ் எ போட்’. ‘ஹீ இஸ் ஹாவிங் லஞ்ச்’ சரி, ஏனெண்டா அங்க ஹாவ் எண்டது சாப்பிடுறது.

தங்கச்சி: கடைசியில வில் ஏன் பிழை? அவர் இனித்தானே போகப்போறார்?

பெரியம்மா: எதிர்காலம்தான். ஆனா வென், இஃப், பிஃபோர், ஆஃப்டர், அன்டில் இதுகளோட வாற துண்டு நேரத்தையோ நிபந்தனையையோ சொன்னா அதில வில் வராது. வில் மற்றத் துண்டில இருந்தாப் போதும். ‘வென் ஹீ கோஸ் பாக், வீ வில் கோ வித் ஹிம்’.

தங்கச்சி: ஆனா பள்ளிக்கூடப் பயிற்சியில ‘ஐ டோன்ட் நோ வென் ஹீ வில் கம்’ எண்டு கிடக்கே?

பெரியம்மா: கவனிச்சிருக்கிறாய், கெட்டிக்காரி! அதுவும் சரி. அங்க வென் எண்டது ‘வரும்போது’ இல்ல, ‘எப்ப வருவார் எண்டு’. தமிழில சொல்லிப் பார்: ‘போது’ வந்தா வில்லை வெட்டு, ‘எப்ப’ வந்தா வில் நிக்கட்டும்.

மாமா: தமிழ் ‘வான், வார்’ ரெண்டு வேலை செய்யும், அதையும் பார். ‘அவர் விடிய கடலுக்குப் போவார்’ எண்டா வழக்கம், ‘ஹீ கோஸ் டு சீ ஏர்லி இன் த மோர்னிங்’. ‘நாளைக்குப் போவார்’ எண்டாத்தான் வில். முந்திப் போறவர், இப்ப இல்லையெண்டா ‘யூஸ்ட் டு கோ’. அதேபோல ‘நாளைக்கு வாறன்’ எண்டதை ‘ஐ கம் டுமாறோ’ ஆக்காத, ‘ஐ ஆம் கமிங் டுமாறோ’. சிம்பிள் பிரசென்ட் நேர அட்டவணைக்குத்தான்: ‘த போட் லீவ்ஸ் அட் சிக்ஸ்’.

சின்னம்மா: எங்கட இவர் கொழும்புக்குப் போயிருக்கிறார், அதை என்னெண்டு எழுதிறது?

பெரியம்மா: தமிழில அந்த ஒரு சொல்லுக்கு ரெண்டு கருத்து. போனவர் இன்னும் திரும்பேல்ல எண்டா ‘ஹாஸ் கோன் டு கொழும்பு’. முந்தி எப்பவோ போய் வந்த அனுபவம் எண்டா ‘ஹாஸ் பீன் டு கொழும்பு’. மாறி எழுதினா வீட்டில நிக்கிற மனுசனைக் கொழும்பில விட்ட மாதிரி ஆகிடும்.

பன்னிரண்டு காலத்தையும் அட்டவணையாப் பாடமாக்கிறதில எனக்கு நம்பிக்கை இல்ல. முதல்ல ‘எப்ப?’ எண்டு கேள், பிறகு ‘இப்பவும் நடக்குதா?’ எண்டு கேள். ஓ எல் கடிதத்தில வாற கனக்கப் பிழை இந்த ரெண்டு கேள்வியிலயே பிடிபடும். இப்ப திருத்தி எழுதி அனுப்பு பிள்ளை.

தங்கச்சி: மை அங்கிள் கேம் ஃப்ரம் பட்டிக்கலோ லாஸ்ட் மண்டே. ஹீ ஹாஸ் பீன் ஸ்டேயிங் வித் அஸ் சின்ஸ் தென். ஹீ ஹாஸ் எ போட், பட் ஹீ டிடின்ட் ப்ரோட் இட். வென் ஹீ கோஸ் பாக், வீ வில் கோ வித் ஹிம்.

பெரியம்மா: சின்ஸ் தென் நல்லாருக்கு, மண்டே ரெண்டு தரம் வரேல்ல. ‘டிடின்ட் ப்ரோட்’ மட்டும் மாத்து. இறந்தகாலம் டிட்டிலயே வந்திட்டுது, பிறகு வாற வினை வெறுமையா நிக்க வேணும்: டிடின்ட் பிரிங். கேள்வியிலயும் அப்படித்தான், ‘டிட் ஹீ பிரிங் இட்?’

தங்கச்சி: மாத்திட்டன். அடுத்த கடிதத்தையும் இரவைக்கு அனுப்பட்டா?

பெரியம்மா: அனுப்பு. அனுப்ப முதல் ஒவ்வொரு வினைக்கும் கீழ கோடு போட்டு, பக்கத்தில நேரச் சொல் ஏதும் இருக்கா எண்டு பார்த்திட்டு அனுப்பு.