ஃபிஸ்டுலா கையில் ஊசி: உங்களுக்கு எப்படி?

ஏழு மாதம் கழுத்தில் போட்ட குழாய் வழியாகவே (லைன் என்பார்கள்) டயாலிசிஸை ஓட்டிவிட்டு, போன தை மாதம்தான் ஊசி குத்த வசதியாக இடது கையில் ஃபிஸ்டுலா போட்டுக்கொண்டேன். மணிக்கட்டில் சின்னக் கீறல்தான். தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்த இடத்தில் விரல் வைத்தால், தையல் மெஷின் ஓடும்போது மேஜையில் வருமே, அந்த அதிர்வு. பந்தைப் பிசையச் சொன்னார்கள், பிசைந்த பிசையில் பையனுடைய ரப்பர் பந்து பிய்ந்தே போனது. இரண்டு மாதத்தில் நரம்பு தடித்துவிட்டது, குத்தலாம் என்றார்கள்.

முதலில் 17 நம்பர் ஊசி. நம்பர் குறையக் குறைய ஊசி பெரிது என்பதே அன்றைக்குத்தான் தெரியும். இப்போது 16. ரத்தத்தை எடுக்க ஒன்று, திருப்பி ஏற்ற ஒன்று, வாரம் மூன்று நாள். வருஷத்துக்கு எத்தனை குத்து என்று கணக்குப் போடாமல் இருப்பதே நல்லது.

மூன்றாவது வாரம் வினை வந்தது. புதிதாகச் சேர்ந்த தம்பி கையைத் தடவிக்கூடப் பார்க்கவில்லை. கட்டினார், துடைத்தார், குத்தினார், ரத்தம் வந்ததும் டேப் ஒட்டி, ரத்தம் இழுக்கும் பம்பின் வேகத்தை 250க்கு ஏற்றிவிட்டார். இரண்டே நிமிஷத்தில் முழங்கைக்குக் கீழே கொழுக்கட்டை மாதிரி புடைத்துக்கொண்டது, மெஷினில் பிரஷர் அலாரம் கத்துகிறது. ஊசி நரம்பின் அடிப்பக்கத்தையும் தாண்டிப் போயிருக்கிறது. ஐஸ் வைத்து, மேலே வேறு இடத்தில் குத்தி, அதற்கப்புறம் நாலு மணி நேரம் டயாலிசிஸ். பத்து நாள் கை கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது, வகுப்பில் பிள்ளைகள் கேட்டதற்குக் கதவில் இடித்துக்கொண்டேன் என்றேன்.

அங்கே சீனியர் அக்கா ஒருத்தர் இருக்கிறார். முதலில் விரலால் நரம்பு ஓடும் வழியைத் தேடுவார், ஸ்டெத் வைத்துக் கேட்பார், "மூச்ச மெதுவா விடும்மா" என்பார், விடும்போது ஊசி உள்ளே போயிருக்கும். போன தடவை குத்திய இடத்தைத் தொடவே மாட்டார். ஒரே இடத்தில் குத்தினால் தோல் மரத்து வலி குறையும், குத்துகிறவர்களுக்கும் சுலபம், அதனால் நாமும் பேசாமல் இருந்துவிடுகிறோம். பக்கத்து பெட் மாமாவுக்கு அப்படித்தான் கையில் இரண்டு எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கி நிற்கிறது. இப்போதெல்லாம் யார் வந்தாலும், "தம்பி, தடவிப் பாத்துட்டு குத்துங்க, அங்க வேண்டாம்" என்று நானே சொல்லிவிடுகிறேன். சிலருக்கு முகம் சுருங்குகிறது. சுருங்கட்டும்.

மரத்துப்போகிற க்ரீம் யாராவது போடுகிறீர்களா?

*

நான் போடுகிறேன் சிஸ்டர். ஒரு மணி நேரம் முன்னாடியே தடவி மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றிக்கொள்ள வேண்டும், கிளம்பும்போது அவசரமாகத் தடவினால் வேலைக்கு ஆகாது. யூனிட்டில் மறக்காமல் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். எனக்குக் குத்தும்போது பிரச்சினை வந்ததில்லை, எடுக்கும்போதுதான். பத்து நிமிஷம் அழுத்திப் பிடிக்கச் சொன்னதை ஐந்தோடு விட்டுவிட்டு பஸ் ஏறினேன், ஒரு ஸ்டாப் தாண்டுவதற்குள் சட்டைக் கை முழுக்க ரத்தம். கண்டக்டர் பயந்துபோய் விசிலே அடித்துவிட்டார்.

*

நான் ரொறன்ரோவில் இருக்கிறன். வீட்டிலேயே டயாலிசிஸ், ஊசியும் நானேதான் போடுறது. முதல் நாள் கை நடுங்கினதில் தாதி பக்கத்தில் நின்று முக்கால் மணித்தியாலம் பொறுத்திருந்தா. எனக்கு 'பட்டன்ஹோல்' முறை. நீங்கள் சொல்லுறதுக்கு நேர் எதிர், ஒரே துளை, ஒரே சரிவு. முதலில் கூர் ஊசியாலேயே திரும்பத் திரும்பப் போட்டு வழி உண்டாக்கி, பிறகு மொட்டை ஊசிக்கு மாறவேணும். வலி குறைவுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் பழைய பொருக்கை ஊறவைத்து முழுசாக எடுத்து, திரும்பவும் துடைச்சுப் போட்டுத்தான் ஊசி. அதில் கொஞ்சம் அலட்சியமாக இருந்து ஒருக்கால் காய்ச்சலும் நடுக்கமுமாக ஆஸ்பத்திரியில் கிடந்தனான். அதுக்குப் பிறகு, பொருக்கு எடுக்கிற நேரம் போன் வந்தாலும் எடுக்கிறதில்லை.