புதுப்பிப்பு: சிராய் கிளம்பிய ஹினோகி பிளேடு

என் டேபிள் டென்னிஸ் மட்டையில் ரப்பரைக் கழற்றியபோது, அது ஒட்டியிருந்த ஹினோகி பிளேடின் (ஹினோகி என்ற ஜப்பானிய மரத்தாலான மட்டைப் பலகையின்) மேல் அடுக்கில் சிராய் கிளம்பியதையும், விளிம்பில் சின்ன விரிசல் விட்டிருந்ததையும் முன்பு எழுதியிருந்தேன். பிளேடு பிழைத்துக்கொண்டது. மறுபடி அதில்தான் ஆடுகிறேன்.

சிராய் ஒரு பக்கமாவது ஒட்டிக்கொண்டிருந்தால் தயவுசெய்து பிய்த்து எறியாதீர்கள். அந்த இடத்தில் அதைவிடப் பொருத்தமான மரம் வேறு கிடைக்காது. பல்குத்தும் குச்சியின் முனையில் மரப்பசையைத் தொட்டு, சிராயின் அடியில் தடவி, மர ரேகையின் போக்கிலேயே அழுத்திப் படியவைத்தேன். வழிந்த பசையை ஈரத்துணியால் உடனே துடைத்துவிட வேண்டும். காய்ந்தால் மேடு தட்டிவிடும், ரப்பருக்கு அடியில் அந்த மேடு இருக்கக் கூடாது. அப்புறம் பட்டர் பேப்பர் வைத்து, இரண்டு தட்டையான பலகைகளுக்கு நடுவே கிளாம்ப் போட்டு ஒரு நாள் முழுக்க விட்டேன். விரிசலுக்கும் இதே வைத்தியம்தான். கடைசியில் 400 எண் உப்புத்தாளால் ரேகையின் திசையில் லேசாகத் தேய்த்தேன். ஹினோகி மென்மையான மரம், அழுத்தித் தேய்த்தால் பள்ளம் விழுந்துவிடும்.

சரி, வார்னிஷ். தண்ணீரில் கரையும் வகையைத் துணியில் தொட்டு, ஒரே ஒரு மெல்லிய பூச்சு போதும். தடிமனானால் பந்து படும்போது கைக்கு வரும் அந்த மிருதுவான உணர்வு மாறிவிடும். கைப்பிடியில் பூசவில்லை, வெறும் மரம் வியர்வையை உறிஞ்சினால்தான் பிடி வழுக்காது.

விளிம்பைச் சுற்றி எட்ஜ் டேப் ஒட்டியாயிற்று. இனி ரப்பரைக் கழற்றும்போது கைப்பிடிப் பக்கம் தொடங்கி, மேலே தூக்காமல், பிளேடை ஒட்டியே மெதுவாக உரிக்கப்போகிறேன்.