பார்மசிஸ்டை உள்ளறைக்கு அனுப்பினால் கவுன்டரில் மருந்து சொல்லிக் கொடுப்பது யார்?

குலசேகரம் டி.பார்ம்:
குலசேகரம் பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்பில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். படித்து முடித்ததிலிருந்து கவுன்டர் வேலைதான். இப்போது வாட்ஸ்அப்பில் சீட்டு அனுப்பி மருந்து கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். அதனால் முதலாளி என்னை உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைக்கப் பார்க்கிறார். ஆர்டர், ஸ்டாக், எக்ஸ்பயரி, எச்1 ரெஜிஸ்டர் (சில ஆன்டிபயாடிக் போன்ற கட்டுப்பாடுள்ள மருந்துகளை விற்ற கணக்கு) எல்லாம் என் பொறுப்பு. கவுன்டரில் பிளஸ் டூ முடித்த பையன்கள் நிற்பார்கள். சம்பளமும் கூட்டித் தருவாராம்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. இங்கே பால்வெட்டுத் தொழிலாளர்கள் அதிகம். விடியும் முன்னே வெறும் வயிற்றோடு ரப்பர் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். சீட்டில் சர்க்கரை மாத்திரை கிளிமெபிரைடு ‘காலை 1’ என்று மட்டும் இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் மரத்துக்கு மரம் நடந்தால் சர்க்கரை இறங்கி, வியர்த்து, கை நடுங்கும். கையில் வெட்டுக்கத்தி வேறு. “எப்போ வேலைக்குப் போவீங்க, எப்போ சாப்பிடுவீங்க?” என்று கேட்டு, ‘காலைச் சாப்பாட்டோடு’ என்று அட்டையின் பின்னால் பேனாவால் எழுதித்தான் கொடுப்பேன். உள்ளே இருந்துகொண்டு இதை எப்படிக் கேட்பது? முதலாளி நல்ல மனிதர். அவரிடம் எப்படிப் பேசலாம், சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற மருந்தாளுநர், நாகர்கோவில்:
மகளே, தைரியமாகப் பேசு. டாக்டர் சீட்டுக்கான மருந்தைப் பதிவுபெற்ற மருந்தாளுநர்தான் கொடுக்க வேண்டும் என்று 1948 மருந்தியல் சட்டத்தின் 42ஆம் பிரிவு சொல்கிறது. நோயாளிக்கு விளக்கிச் சொல்வதும் நம் வேலைதான் என்று 2015 மருந்தியல் நடைமுறை விதிமுறைகளில் இருக்கிறது. எச்1 ரெஜிஸ்டரை நீ எழுதி, அதில் வரும் செஃபிக்ஸிம் ஆன்டிபயாடிக்கை வேறொருவர் எடுத்துக் கொடுத்தால் அந்தக் கணக்குக்கு நீ எப்படிப் பொறுப்பேற்பாய்? மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டிய ரெஜிஸ்டர் அது.

கவுன்டர் பையன், தக்கலை:
அக்கா, நானும் பிளஸ் டூதான். மருந்து எடுப்பேன், பில் போடுவேன், அதெல்லாம் சரி. ஆனால் மூட்டுவலிக்கு மெத்தோட்ரெக்சேட் சீட்டு வந்தால் பயமாக இருக்கும். வாரத்துக்கு ஒரு நாள் போட வேண்டியதைத் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து என்று எங்கள் பார்மசிஸ்ட் அண்ணன் சொல்லியிருக்கிறார். கிழமையை அவரே எழுதி, வந்தவரைத் திருப்பிச் சொல்லச் சொல்வார். அவர் பக்கத்தில் இல்லாவிட்டால் நான் கொடுக்க மாட்டேன். டி.பார்ம் சேரணும் என்று எனக்கும் ஆசை. இரண்டு வருஷப் படிப்பு, அப்புறம் 500 மணி நேரப் பயிற்சி. கடை வேலையோடு முடியுமா என்றுதான் யோசிக்கிறேன்.

மெடிக்கல் ஷாப், குளச்சல்:
நானும் கடைக்காரன்தான். உங்கள் முதலாளியின் கஷ்டம் புரிகிறது. வாட்ஸ்அப் ஆர்டரை விட்டால் வியாபாரம் போய்விடும். எங்கள் கடையில் பில்லும் ஸ்டாக்கும் பையன்கள் பார்க்கிறார்கள். மருந்துக் கவரைக் கையில் கொடுப்பது பார்மசிஸ்ட் மட்டும். வீட்டுக்குப் போகும் பார்சல் என்றால், கட்டும் முன்னே அவர் போன் போட்டுப் பேசிவிடுவார். கம்ப்யூட்டரைக் கவுன்டர் ஓரத்துக்குக் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள்.

குலசேகரம் டி.பார்ம்:
நன்றி அண்ணே, ஐயாவுக்கும் நன்றி. கவுன்டர் ஓரத்தில் அலமாரியை நகர்த்தினால் ஒரு மேஜை போட இடம் இருக்கிறது. போன் பேசுவதையும் சேர்த்து நாளைக்கே முதலாளியிடம் கேட்கிறேன். தக்கலைத் தம்பி, டி.பார்ம் பாடத்தில் சந்தேகம் வந்தால் இங்கேயே கேளுங்கள், சொல்லித் தருகிறேன்.