நெஞ்சுக்குக் கரண்ட் பிடிச்ச ஆக்களின் இதயம்: கிளினிக்கில் கண்டவை

கிளிநொச்சியிலிருந்து:
தெல்லிப்பழை, மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிகளில் நெஞ்சுக்குக் கதிர்ச் சிகிச்சை (ஊர்ப் பேச்சில ‘கரண்ட் பிடிக்கிறது’) எடுத்தவை பத்து வருஷம் கழிச்சு இளைப்பெண்டு கிளினிக்குக்கு வருகினம். பிரஷர், சீனி எல்லாம் பார்க்கப்படுது. கதிர் பட்ட கதை வாறதில்லை. அது புற்றுநோயோட முடிஞ்சுபோச்செண்டு அவையும் சொல்லுறதில்லை.

இடது மார்புக்குப் பிடிக்கேக்க, நெஞ்சுக்கூட்டுக்குப் பின்னால இறங்கிற இதயத்தின் முன் இரத்தக்குழாய் கதிரின் ஓரத்தில் அகப்படுது. குழாயின் உட்படலம் புண்பட்டு, தழும்பு தடிச்சு, கொலஸ்ட்ரோல் படிய இடம் குடுக்குது. வால்வும் மெல்ல இறுகும். அதுதான் வருஷக்கணக்காகுது. 2013இல வெளிவந்த சுவீடன், டென்மார்க் ஆய்வில் 2168 பெண்களைப் பார்த்தவை: இதயத்தில் சராசரியாப் படுற ஒவ்வொரு கிரேக்கும் (கிரே: கதிரை அளக்கிற அலகு) மாரடைப்பு போன்ற பெரிய பாதிப்பு 7.4 வீதம் கூடுது. 100 பேரில் 4 பேருக்கு வாறதெண்டா, 3 கிரேயில் கிட்டத்தட்ட 5 பேர். இதுக்குப் பயந்து சிகிச்சையை விடாதேங்கோ. புற்று திரும்புறது இதைவிடப் பெரிய ஆபத்து.

மாங்குளத்திலிருந்து:
இடது மார்புக்குப் பிடிக்கேக்க இதயத்தைக் காக்க ஒரு முறை இருக்கு. மூச்சை ஆழ இழுத்து நிப்பாட்டினா நுரையீரல் விரிஞ்சு இதயத்தை நெஞ்சுச் சுவரை விட்டு விலக்கும். அந்த 20 விநாடிக்குள்ள மிஷின் கதிர் விடும். ஒரு நாளில் சில தரம். பிழை விடுறது எங்கயெண்டா, மூச்சை இழுக்கச் சொன்னா முதுகை வளைச்சு நெஞ்சைத் தூக்குவினம். நெஞ்சு உயர்ந்த மாதிரித் தெரியும், இதயம் விலகியிராது. வீட்டில் பாயில மல்லாக்கக் கிடந்து, கை ரெண்டையும் தலைக்கு மேல வைச்சு, முதுகு பாயை விட்டு எழும்பாமல் 20 எண்ணிப் பழகுங்கோ. ஒப்பரேஷனுக்குப் பிறகு தோளுக்குப் பயிற்சி செய்யாட்டி கை மேல போகாது. இந்த முறை உங்கட இடத்தில இருக்கோ எண்டு கதிரைத் திட்டமிட எடுக்கிற முதல் ஸ்கானுக்கு முன்னமே கேளுங்கோ. நெஞ்சில செல் (எறிகணை) துண்டு இருந்தா அண்டைக்கே சொல்லுங்கோ: ஸ்கான் படத்தில உலோகம் கோடு கோடா இழுத்து, கதிர்க் கணக்கைக் குழப்பும்.

புதுக்குடியிருப்பிலிருந்து:
கிளினிக் கொப்பியில் எழுதுவிக்க வேண்டியவை: எந்தப் பக்கம், எந்த வருஷம், எத்தனை கிரே எத்தனை தரத்தில் (மார்புக்கு 15 தரத்தில் 40, 25 தரத்தில் 50 எண்டு வழமையா இருக்கும்), இதயத்துக்குப் பட்ட சராசரி, ஏத்தின மருந்து. டொக்சோரூபிசின், டிராஸ்டுசுமாப் எண்ட புற்றுநோய் மருந்து ரெண்டும் இதயத் தசையைத் தனியாகவே பலவீனப்படுத்தக்கூடியவை. 2009 இடப்பெயர்வில் கொப்பி துலைஞ்சவையிட்டத் தோலைப் பாருங்கோ. கடுகளவு நீலப்புள்ளி ரெண்டு மூண்டு இருந்தா அது மச்சமில்லை, கதிர் சரியான இடத்தில படக் குத்தின மை. ஐரோப்பிய இதய நிபுணர்களின் 2013 பரிந்துரைப்படி, ஆபத்துக் கூடினவைக்கு 5 வருஷத்தில், மற்றவைக்கு 10 வருஷத்தில் எக்கோ (இதயத்தை ஸ்கான் பண்ணிப் பார்க்கிறது). பிறகு 5 வருஷத்துக்கு ஒருக்கா.

பூநகரியிலிருந்து:
நெஞ்சு நோ வரட்டுமெண்டு காத்திருக்காதேங்கோ. கிணத்தில ரெண்டு வாளி அள்ள மூச்சு வாங்கினா, குளக்கட்டு ஏறேலாமல் இடையில நிண்டா, கால் வீங்கினா, டொக்டரிட்டப் போக அதுவே காணும். படுத்தாக் கூடி, முன்னுக்குக் குனிஞ்சாக் குறையிற நோ இதய உறையின் அழற்சியா இருக்கலாம். அது சிகிச்சை முடிஞ்ச கிட்டடியிலயும் வரும். டொக்டரிட்டக் கதை தொடங்கேக்கயே, “இடப்பக்கம், இத்தனையாம் ஆண்டு, நெஞ்சுக்குக் கரண்ட் பிடிச்சனான்” எண்டு சொல்லுங்கோ.