புதுப்பிப்பு: பாம்பன் வீட்டு ஹாலில் வலை ஊஞ்சல் மாட்டியாச்சு

வலை ஊஞ்சலுக்காக ஹாலோ பிளாக் (உள்ளே வெற்றிடம் உள்ள சிமென்ட் கல்) சுவரில் அடித்த கொக்கி பிடுங்கிக்கொண்டு வருகிறதே என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "சுவரை விடுங்கள், கான்கிரீட் பீமில் போடுங்கள்" என்ற யோசனைதான். உள்ளே இருக்கும் கம்பியில் ட்ரில் படாமல் இடம் பார்த்து, எதிரெதிர் பீம்களில் 12 மி.மீ. ஆங்கர் போல்ட் (துளைக்குள் விரிந்து கான்கிரீட்டைப் பிடித்துக்கொள்ளும் போல்ட்) இறக்கினோம். கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சரிவில் தொங்குகிறது. அந்தச் சரிவிலேயே ஒவ்வொரு பக்கமும் ஆளின் முழு எடை அளவு இழுக்கும். விறைப்பாகக் கட்டினால் இன்னும் கூடும். நான் முதலில் விறைப்பாகத்தான் கட்டியிருந்தேன்.

எதிர்பாராதது உப்புக்காற்று. துத்தநாகம் பூசிய கொக்கி மூன்றே வாரத்தில் துருப்பிடித்து, தொட்டால் விரலில் துரு ஒட்டியது. கடலோரத்தில் இருப்பவர்கள் உப்புக்காற்றை நன்றாகத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலே வாங்குங்கள். மாற்றிய பிறகு மணல் மூட்டைகளை ஒரு ராத்திரி தொங்கவிட்டுப் பார்த்தேன், அசையவில்லை. அப்புறம்தான் மகளை ஏறவிட்டேன்.