நரம்பு நெகிழ்ச்சியா, நரம்பு உருவேற்பா?

அன்பு நண்பர்களே,

நியூரோபிளாஸ்டிசிட்டிக்கு, அதாவது பழக்கத்தாலும் காயத்தாலும் நரம்பு மண்டலம் தன் இணைப்புகளை மாற்றிக்கொள்ளும் தன்மைக்கு, தமிழில் ‘நரம்பு நெகிழ்ச்சி’ என்று முடிவுகட்டுமுன் ஒன்று சொல்ல வேண்டும்.

இலங்கை மலையகத்தில் அட்டன் பக்கம் எங்கள் தோட்டத்தில் மாமா ஒருவர் நிழல்மரத்தில் கொப்பு வெட்டும்போது விழுந்து முண்ணாணில் அடிபட்டவர். தமிழகத்தில் தண்டுவடம் என்பதை நாங்கள் பள்ளியில் முண்ணாண் என்றுதான் படித்தோம். முழுதாக அறுபடாத காயம். லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) இஸ்தோப்பில், அதாவது முன்தாழ்வாரத்தில், இரண்டு மூங்கிலைக் கட்டிவைத்து, அதைப் பிடித்துத் தினமும் நடந்து பழகுகிறார். அவருக்கு விளக்கப்போய் ‘நரம்பு நெகிழ்ச்சி’ என்றேன். மூங்கிலை விடாமலே திரும்பி, “ஏம்மா, நரம்புத் தளர்ச்சியும் வந்திருச்சா?” என்றார். முகமே வாடிவிட்டது.

அவர் கேட்டது சரிதான். வளை நெகிழ்ந்தது என்றால் கழன்றது என்றுதானே பொருள்? அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் பழக்கத்தைப் பற்றி எழுதும்போதே பிளாஸ்டிசிட்டியில் இரண்டு குணம் உண்டென்றார்: அழுத்தத்துக்கு இணங்கும் மென்மை, ஒரேயடியாக இணங்கிவிடாத உறுதி. நெகிழ்ச்சியில் முதலாவது மட்டும்தான் இருக்கிறது.

‘மீள்’ சேர்ந்த சொற்களும் வேண்டாம். முண்ணாணுக்குள் அறுந்த நரம்பிழை பெரும்பாலும் வளர்ந்து பழைய இடத்தைச் சேர்வதில்லை. தப்பிய இழைகள் பக்கத்தில் கிளைவிட்டுப் புது இணைப்புப் பிடிக்கின்றன, கவ்வாத்து வெட்டிய தேயிலை பக்கவாட்டில் துளிர்ப்பது மாதிரி. இடுப்புப் பக்க முண்ணாணில் நடையின் தாளத்தை உண்டாக்கும் நரம்பு வலை ஒன்று உண்டு. திரும்பத் திரும்ப நடக்கவைத்தால் அதுவும் பழகும். இதே மாற்றம் கெடுதலாகப் போனால் தசை இறுக்கம், ஓயாத எரிவு. ஆகவே குணமாவது என்ற பொருள் சொல்லுக்குள் ஒட்டியிருக்கக் கூடாது.

‘குழைமை’ எனக்குப் பிடித்திருந்தது. ரொட்டிக்கு மா குழைப்பதை எல்லாரும் அறிவார்கள். ஆனால் சோறு குழைந்துபோனது என்றும் சொல்கிறோமே! நோயாளி காதில் அது எப்படி விழும்?

அதனால் என் சொல் ‘உருவேற்பு’. பதிந்த வடிவத்தை ஏற்று வைத்துக்கொள்வது. உருப்போடுவது, மந்திரத்தை உருவேற்றுவது என்ற பழக்கத்தின் வாசமும் அதில் வருகிறது. உடற்பயிற்சியில் நடப்பதும் அதுதான். மூளை உருவேற்பு, முண்ணாண் உருவேற்பு என்று இடத்துக்கேற்பச் சேர்க்கலாம். ‘நரம்புருவேற்பு’ என்று புணர்த்தினால் நாக்கு இடறுகிறது, பிரித்தே எழுதுவோம். ‘தோற்றம் எடுப்பது’ என்று யாராவது தவறாக எடுத்துக்கொள்வார்களோ என்பதுதான் எனக்குள்ள ஒரே தயக்கம். உங்களுக்கு எப்படிப் படுகிறது?