பள்ளியில் பசுமைத் திட்டம் போட்டபோது மனத்தில் தைத்த நிகழ்வு: உங்கள் அனுபவம் என்ன?

முகவை ஆசிரியை

பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றமான தேசிய பசுமைப் படைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு, உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 எப்படிப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. திட்டமிடல் கூட்டத்துக்கு எட்டாம் வகுப்பிலிருந்து இரண்டு பிள்ளைகளையும் அழைத்திருந்தோம். எந்தக் கன்று, யார் தலைமை, பதாகையில் என்ன வாசகம் என்று பேச்சு ஓடியது. ஒரு பெண் எழுந்து, "கோடை விடுமுறையில் யார் சார் தண்ணீர் ஊற்றுவார்கள்? போன வருடம் வைத்த இடத்தில் வெறும் குழிதான் இருக்கிறது" என்றாள். "நல்ல கேள்வி, உட்காரம்மா" என்று சொல்லிவிட்டுத் தலைமையாசிரியர் சிற்றுண்டிச் செலவுக்குப் போய்விட்டார். அவள் உட்காரவில்லை. பதில் வரும் என்று நின்றுகொண்டே இருந்தாள். வருங்காலத்துக்கும் வளம் மிஞ்சும்படி வாழ்வதை வளங்குன்றா வளர்ச்சி என்று பாடம் நடத்துகிறோமே, அந்தக் கேள்வியை விட அதில் வேறென்ன இருக்கிறது?

மலையடிவாரம்

எங்கள் பள்ளியில் உணவு வீணாவதைக் குறைக்கும் திட்டம். மதியம் மிச்சமாவதை எடைபோட்டுக் கரும்பலகையில் எழுதினோம். ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. சமையலர் அக்கா கையில் கரண்டியோடு கரும்பலகை முன்னால் வந்து நின்று, "என் சமையலைத்தானே இப்படி எழுதிப் போட்டிருக்கிறீர்கள்?" என்றார். கண் கலங்கியிருந்தது. 1982இல் சத்துணவுத் திட்டம் தொடங்கிய மாநிலம் இது. அடுப்படியில் நிற்பவரைக் கூட்டத்துக்கு அழைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிறகு பிள்ளைகள் அவரிடமே போய்க் கேட்டார்கள். மணி தாமதமாக அடிக்கிற நாளில்தான் மிச்சம் அதிகம், சின்னப் பிள்ளைகள் பாதியில் கொட்டிவிட்டு ஓடுகிறார்கள் என்றார். எந்தத் தராசிலும் வராத விடை அது. ஐ.நா. 2015இல் ஏற்றுக்கொண்ட 17 வளங்குன்றா வளர்ச்சி இலக்குகளில், நான்காவதின் உட்பிரிவான 4.7 இந்த வளர்ச்சிக்கான கல்வியைப் பற்றியதுதான் என்று பயிற்சிக்குப் பயிற்சி சொல்கிறார்கள். அக்காவைப் பற்றி எந்தப் பயிற்சியிலும் பேச்சில்லை.

ஓய்வுபெற்ற புவியியல்

முகவை ஆசிரியைக்கு: கோளாறு தண்ணீர் ஊற்றுவதில் இல்லை, தேதியில் இருக்கிறது. உங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. ஜூனில் நட்டால் மழைக்கு முன்பே கன்று வெயிலைத் தாங்க வேண்டும். ஜூன் 5 அன்று குழி மட்டும் வெட்டுங்கள், செப்டம்பரில் எருவும் மண்ணும் நிரப்புங்கள், முதல் நல்ல மழைக்குப் பிறகு நடுங்கள். பனங்கொட்டையானால் இன்னும் நல்லது, ஆடு மாட்டுக்குப் பயந்து வேலி போட வேண்டியதில்லை. விடுமுறைக்குப் பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோரில் பக்கத்துத் தெருக்காரர்களைப் பெயர் குறித்து ஒப்படையுங்கள். கை கழுவும் குழாய்த் தண்ணீரை வாய்க்கால் வெட்டிச் செடிக்கு விடுங்கள்.

என் அனுபவம் சிறியது. 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது எங்கள் பள்ளியிலும் அமைத்தார்கள். பல ஆண்டு கழித்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை விட்டுக் குழாயைத் தொடரச் சொன்னேன். மொட்டை மாடியிலிருந்து இறங்கிய குழாய் சிமென்ட் தரையில் முடிந்திருந்தது. தொட்டிக்கு இணைப்பே இல்லை. ஒரு பையன் குழாய்க்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

கோவில்பட்டி அம்மா

ஐயா, நீங்கள் சொன்னதெல்லாம் சரியாக இருக்கலாம். ஆனால் அந்த டீச்சர் நடும் முறை கேட்கவில்லை. ஒரு பிள்ளையின் கேள்விக்குப் பெரியவர்கள் பதில் சொல்லாமல் போனதைச் சொன்னார். தேதியை மாற்றினாலும் அது மாறாது.

என் மகள் பள்ளியில் "கழிவிலிருந்து கலை" கண்காட்சி. வீட்டில் பழைய பாட்டில் இல்லை. 2019 ஜனவரி முதல் தடையிலிருக்கும் பிளாஸ்டிக் பொருள்கள் எவை என்று ஒப்பிக்கிற பிள்ளை, கடையில் புதிய தண்ணீர் பாட்டில்களை வாங்கிவரச் செய்து, வாளியில் கவிழ்த்துக் காலி செய்தாள். "மிஸ் ஒரே அளவில் கேட்டார்கள்" என்றாள். பரிசும் கிடைத்தது. அந்தச் சான்றிதழைச் சுவரில் மாட்ட எனக்கு மனம் வரவில்லை.

முகவை ஆசிரியை

அம்மா சொன்னதுதான் என் மனத்திலும் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் அவளுடைய கேள்வியையே முதல் பொருளாக வைக்கக் கேட்டிருக்கிறேன். ஐயா, தட்டு கழுவும் தண்ணீரையும் செடிக்கு விடலாமா?

ஓய்வுபெற்ற புவியியல்

எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், நேரே விடாதீர்கள். ஜல்லியும் மணலும் நிரப்பிய குழி வழியாக விட்டு, ஓரத்தில் கல்வாழை வையுங்கள்.